வண்டிப்படகின் காத்தண்ணன்

ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நன்றாக அகன்று, சோம்பல்பட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி கிடக்கும். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போக அங்கே ஒரு வண்டிப்படகு. போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் இரண்டு கரையும் காணாமல் போகும். கீழே தண்ணீர் இருக்கிறது என்பதைக்கூட எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் நம்ப வேண்டும். அந்த நேரத்தில் தளத்தில் நிற்கிறவருக்கு எங்கே கிளம்பினோம், எங்கே போகிறோம் என்பது மெல்ல மறந்துபோகும். அப்படி மறந்துபோவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்போல ஒருவர் அந்தப் படகில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்த்தார். அவரைக் காத்தண்ணன் என்பார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி படகின் கேப்டனிலிருந்து அக்கரை டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் காத்தண்ணன்தான். காற்றை வைத்துக் கார்க்கதவைத் திறப்பவர் என்பதால் வந்த பெயர். ஆள் நடையும் அதற்கேற்றாற்போல்தான். எதிரே வருகிறவரை இடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் "அட, நீங்களா?" என்பார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரு பலகை. படகின் நுழைவாயிலில் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் இப்படி எழுதியிருக்கும்: வாகனத்தின் சாவியை வாகனத்திலேயே விட்டு இறங்கவும். அவசரமென்றால் படகுக்காரர்களே வண்டியை நகர்த்திக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்தது. அவர் எழுதிய காலத்தில் வண்டிகள் சாதுவாக இருந்தன. பிறகு வண்டிகளுக்குப் புத்தி வந்துவிட்டது. கதவைச் சாத்திய அரை நிமிடத்தில் தாமாகவே பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. பயணிகளோ பலகையில் எழுதியதை நல்ல பிள்ளைகளாகப் படித்து, சாவியை உள்ளேயே விட்டு, கதவைச் சாத்தி, மேல்தளத்துக்குப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவார்கள். வந்து பார்த்தால் சாவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சௌக்கியமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பலகையை மாற்றச் சொல்லி மூன்று முறை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார்கள். குழு அமைத்திருப்பதாகப் பதில் வந்தது. குழு இன்னும் அமைந்துகொண்டே இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு நடையிலும் காத்தண்ணன் வரிசை வரிசையாக நடந்து, "கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைங்க, நாலு விரல் இறக்கி வைங்க" என்று சொல்லிக்கொண்டே போவார். பாதிப் பேர் காதில் வாங்குவார்கள். மீதிப் பேர் இறங்கும் நேரத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவரைத் தேடி வருவார்கள்.

முதலில் அவர் கயிறு கட்டும் ஆளாகத்தான் சேர்ந்தார். கதவைத் திறக்கும் வித்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் மனைவிக்குத் தலைசுற்றல் என்று கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தாள். பட்டை மெல்ல மெல்லப் புடைத்தது. மற்ற கணவன்மார்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பார்கள். இவர் வாயில் ஈ போவது தெரியாமல் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல பழசு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். மனைவி வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை.

ஆனால் அதுதான் வழி. கதவின் மேல்மூலையில் துணியை வைத்து ஒரு சின்ன ஆப்பைச் செருக வேண்டும். அந்த இடுக்கில் தட்டையான பையை நுழைத்துக் காற்றடித்தால், கதவு ஒரு விரல் அளவுக்கு விலகிக் கொடுக்கும். அதன் வழியே ரப்பர் நுனி வைத்த நீளக் கம்பியை விட்டு உள்ளே பூட்டை எடுத்துவிட வேண்டியதுதான். நாலு நிமிட வேலை. பெயின்ட்டில் ஒரு கீறல் விழாது. வேலை நடக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நின்று நகம் கடிப்பார். காத்தண்ணன் திரும்பாமலேயே சொல்வார்: "பதறாதீங்க. வண்டி எங்கயும் போகாது." எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை அது. கேட்டவர்கள் எல்லாருக்கும் முகம் தெளிந்துவிடும்.

ஒருமுறை மட்டும் சொதப்பினார். ஒரு வெள்ளைக் காரைத் திறந்துவிட, கேட்டவர் நன்றி சொல்லி ஏறி உட்கார்ந்தும்விட்டார். டீ டம்ளரோடு இன்னொருவர் வந்து, "சார், நீங்க யாரு?" என்றார். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கார். பொருள் ஒன்றும் போகவில்லை, மானம்தான் போயிற்று. அன்றிலிருந்து கேப்டன் ஒரு சட்டம் போட்டார். கதவைத் திறக்கும் முன்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூன்று பொருளை வண்டிக்காரர் சொல்ல வேண்டும். டிக்கெட் கிழிக்கும் அம்மா அதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். திறந்த பிறகு சரிபார்த்தால்தான் சாவி.

மற்றவர்களுக்கு இது தொல்லை. காத்தண்ணனுக்கோ கேட்கக் கேட்கச் சலிக்காது. சுவர் மாதிரி இருந்த ஒரு லாரிக்காரர் குரலைத் தாழ்த்தி, "சீட்டுக்கு அடியில ஒரு தீப்பெட்டி. அதுக்குள்ள எங்க பாப்பாவோட பால் பல்லு" என்றார். ஒரு பெண், "பின்சீட்டுக்குக் கீழ ஒரு குடை, எங்க வீட்டுக்காரரோடது. அவர் இல்ல. குடை இருக்கு" என்றாள். டிக்கியில் ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க்கடிகாரம் ஒன்று இருப்பதாக ஒருவர் சொன்னார். திறந்து பார்த்தால், போர்வைக்குள் சுற்றிவைத்த கடிகாரம் சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொருவருக்குத் தன் சொந்த வண்டியில் ஒரு பொருள்கூடச் சொல்லத் தெரியவில்லை. "எல்லாம் என் வீட்ல வைக்கறதுங்க" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் போன் போட்டு மனைவியிடம் கேட்டார். அந்தம்மா மூன்று கேட்டதற்கு ஒன்பது சொன்னது.

காத்தண்ணன் எதையும் தொடமாட்டார். யார் வண்டியிலும் ஏறி உட்காரவும் மாட்டார். அது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். எட்டிப் பார்த்து, "இருக்கு" என்று சொல்லிவிட்டு விலகிவிடுவார். ஆனால் படகு திரும்பும் இருபத்தைந்து நிமிடமும் அந்தக் குடையும் பல்லும் அவருடனேயே வரும். பனிக்குள் நின்றபடி அந்தக் கடிகாரம் எந்த வீட்டுச் சுவரில் மாட்டப்படும், அங்கே யார் அதைப் பார்த்து அவசரப்படுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட வேளையில் யாராவது சாவியை உள்ளே விட்டு மாட்டிக்கொண்டால், டிக்கெட்டம்மாவே பையை எடுத்து ஊதித் திறந்துவிடுவாள். அவளுக்கும் கைவந்துவிட்டது.

வீடு இக்கரையில், ஒரு மாடிப் போர்ஷன், இரண்டு அறை. ஒரே மகள் கல்யாணமாகி மூன்று தெரு தள்ளி இருந்தாள். மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். படகில்கூட அவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் டீச்சர் மேஜையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். காத்தண்ணன் கட்டிலில் சாய்ந்து அன்றைய மூன்று பொருள்களை ஒன்றுவிடாமல் சொல்வார். தலைக்கடியில் ஒரு தலையணை இருக்கும். பஞ்செல்லாம் நசுங்கி, நடுவில் அவர் தலை அளவுக்குக் குழி விழுந்த பழந்தலையணை. அது இல்லாவிட்டால் அவருக்குக் கண் மூடாது. மகள் வீட்டில் ஒருநாள் தங்க வேண்டும் என்றாலும் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்து போவார்.

"அந்தத் தலையணையைப் பிழிஞ்சா ஒரு குடம் கனவு வரும்," என்பார் டீச்சர், சிவப்பு மைப் பேனாவை மூடாமலே. "என்னைவிட அதுகூடதான் நீங்க அதிகம் குடும்பம் நடத்தியிருக்கீங்க."

டீச்சர் கனவு காண்கிற ஆள் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு, "இதுக்கு முன்னாடி நேரம் கிடைக்கல" என்று பதில் சொன்னார். பச்சை நிறத்தில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். அதற்குத் தவளை என்று பேர். வாங்கிய அன்றே காத்தண்ணன் நாலு கதவையும் திறந்து மூடிப் பார்த்து அதன் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இங்க பாரு. அடிச்சுச் சாத்தினா ஜன்னல்கிட்ட இருக்கிற இந்தக் குமிழ் தானா கீழ இறங்கிடுது. பூட்டிக்கும். நாலு கதவும் அப்படித்தான். சாவி உள்ள இருந்தா கதவைச் சாத்தவே சாத்தாத. ஒருக்களிச்சு வச்சிடு."

"சரிங்க சார்," என்றார் டீச்சர்.

அந்த வருடம்தான் உத்தரவு வந்தது. டீச்சருக்குத் தலைமையாசிரியர் பதவி. பள்ளிக்கூடம் அக்கரையிலிருந்து ஆறரை மணி நேரம் உள்ளே, மலைமேல். மூன்று வருடம். குறித்த நாளில் மாலை நாலு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருபத்தேழு வருடம் காத்திருந்து வந்த உத்தரவு அது. டீச்சர் அதை மூன்று முறை படித்தார்.

"நீங்களும் வாங்களேன்," என்றார்.

"பார்க்கலாம்," என்றார் காத்தண்ணன்.

பார்க்கலாம் என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. மழுப்புகிறார் என்று அவருக்கே தெரியும். லட்சம் தடவையாவது அந்த ஆற்றைக் கடந்திருப்பார். ஆனால் அக்கரையில் வண்டிகள் ஏறிப்போகிற சாய்தளம் முடிகிற இடத்தில் இருக்கும் டீக்கடையைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. படகு எங்கே போனாலும் திரும்பி வந்துவிடும். டீக்கடைக்குப் பின்னால் போகிற சாலை அப்படி இல்லை, அது போய்க்கொண்டே இருக்கும்.  பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுப் பார்க்கலாம் என்று சொன்னார். கேப்டன்கூட வருடாவருடம் சத்தம் போடுவார்: "யோவ் காத்து, நூத்தி நாப்பது நாள் லீவு கிடக்குய்யா உனக்கு. துருப்பிடிக்கப் போகுது. எடுத்துத் தொலையேன்." அதற்கும் அதே பதில்தான்.

டீச்சர் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை. பட்டியல் போட்டுச் சாமான் கட்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். அந்தப் பாட்டுத்தான் காத்தண்ணனைச் சுட்டது. இவ்வளவு சுலபமாகவா என்று தோன்றியது. முப்பது வருடக் குடித்தனத்தை ஒரு டிக் அடித்துவிட்டுப் போய்விட முடியுமா? கேட்டிருக்கலாம். கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவரும் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, இவ்வளவு சுலபமாகவா என்று மேஜைப் பக்கத்தில் இன்னொருவர் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கிளம்புகிற நாள். காத்தண்ணன் விடியும்போதே வேலைக்குப் போய்விட்டார். எட்டு மணி நடைக்குத் தவளை வந்து முதல் வரிசையில், கம்பித் தடுப்பு ஓரமாக முதல் வண்டியாக நின்றது. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து கார். அன்று பனியென்றால் அப்படி ஒரு பனி. படகு கரையை விட்டதும் உலகமே வெள்ளையாகிவிட்டது. டீச்சர் பலகையில் சொன்னபடி சாவியை வண்டியிலேயே விட்டார். புருஷன் சொன்னபடி கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்தார். இரண்டு பேர் பேச்சையும் கேட்ட திருப்தியோடு மேல்தளத்துக்குப் போனார்.

காத்தண்ணன் வழக்கம்போல வரிசையாக வந்தார். "நாலு விரல் இறக்கி வைங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் எங்கோ இருந்தது. இன்று மூன்று பொருள்களைச் சொன்னால் கேட்க ஆள் இருக்காது என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். தடுப்புக் கம்பிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடைவெளிதான். வழியில் ஏதோ ஒரு கதவு பாதி திறந்து நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் இடுப்பால் ஒரு இடி கொடுத்தார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

டக்.

அந்தச் சின்னச் சத்தம்தான் அவரை எழுப்பியது. பச்சைக் கதவு. குமிழ் கீழே இறங்கியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாவி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று கதவும் ஏற்கெனவே பூட்டியிருந்தன. காத்தண்ணன் அப்படியே நின்றார்.

டிக்கெட்டம்மா பார்த்துவிட்டாள். அவள் பார்த்தால் படகே பார்த்த மாதிரி. இரண்டு நிமிடத்தில் டீச்சர் படியிறங்கி வந்தார். வண்டியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், கடைசியாகப் புருஷனைப் பார்த்தார்.

"நான் ஒருக்களிச்சுதானே வச்சிட்டுப் போனேன்?"

"நான்தான் சாத்திட்டேன்."

"வேணும்னேவா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரியவில்லை. "தெரியல," என்றார்.

டீச்சர் முகம் சிவந்தது. கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத சிவப்பு. "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு கரைக்கு?"

"பதினஞ்சு நிமிஷம்," என்றாள் டிக்கெட்டம்மா.

பதினைந்து நிமிடத்துக்குள் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது காத்தண்ணனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தவளைதான் முதல் வண்டி. அது நகராமல் பின்னால் ஒன்றும் நகர முடியாது. கேப்டன் காத்திருக்கமாட்டார். கண்ணாடியை உடைத்து வண்டியை வெளியே தள்ளச் சொல்வார். மலைமேல் மழை கொட்டுகிற காலம். கண்ணாடி இல்லாத வண்டியோடு அந்தப் பாதையில் ஏற முடியாது. மாற்றுக் கண்ணாடி போடவே பகல் முழுக்க ஆகிவிடும். நாலு மணி தாண்டிவிடும். அடுத்த நடையில் டீச்சர் திரும்பி வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

சாயங்காலம் மேஜையில் விளக்கு எரியும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். கை கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

அவர் பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்தார். தடுப்புக் கம்பி ஓரத்தில் நீளக் கம்பியைத் திருப்ப இடமில்லை என்பதால் வண்டியைச் சுற்றி அந்தப் பக்கக் கதவுக்கு வந்தார். துணியை வைத்தார். ஆப்பைச் செருகினார். ரப்பர் குமிழை அமுக்க, பை மெல்லப் புடைத்தது. அந்தப் பட்டையை முதன்முதலாக இவள் கையில்தானே பார்த்தோம் என்ற நினைப்பு வந்தது. கதவு ஒரு விரல் விலகியது. கம்பி உள்ளே போனது. உள்ளே பூட்டுக் குமிழுக்கு ஒரு சாண் தூரத்தில் ரப்பர் நுனி வந்து நின்றது. பிறகு நின்றுகொண்டே இருந்தது.

பனி அசையவில்லை. எஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. படகு நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இப்படியே இருந்துவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது. கரையே வராமல், வெள்ளைக்கு நடுவே இந்த வண்டியும் இவளும் தானும் மட்டும் இப்படியே இருந்துவிடலாம்.

"என்னண்ணே, கம்பி நின்னுடுச்சு?" என்றாள் டிக்கெட்டம்மா.

காத்தண்ணனுக்குப் பின்னால் டீச்சர் நிற்பது மூச்சில் தெரிந்தது. வழக்கமாகச் சொல்லும் வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பதறாத, வண்டி எங்கயும் போகாது. சொன்னால் பொய். இந்த ஒரு வண்டி போகத்தான் போகிறது. 

"முதல்ல மூணு பொருளைக் கேளுங்க," என்று டிக்கெட்டம்மா நோட்டைத் திறந்தாள். "ரூல்னா எல்லாருக்கும் ரூல். பொண்டாட்டியா இருந்தாலும்."

பின்னால் நின்ற லாரிக்காரர் சிரித்தார். காத்தண்ணன் கம்பியை விடாமல், திரும்பாமல், கரகரத்த குரலில் கேட்டார். "வெளிய இருந்து பார்த்தா தெரியாத மூணு பொருள் சொல்லுங்க."

"சீட்டுக்கு அடியில என் பழைய செருப்பு," என்றார் டீச்சர். வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும் குரல். "வண்டி ஓட்டறதுக்குன்னு வச்சிருக்கேன்."

"அப்புறம்?"

"டேஷ்போர்டுக்குள்ள உத்தரவு. பிளாஸ்டிக் கவர்ல."

"அப்புறம்?"

 டிக்கெட்டம்மா பேனாவோடு காத்திருந்தாள்.

"டிக்கியில," என்றார் டீச்சர், "உங்க தலையணை."

டிக்கெட்டம்மா எழுதவில்லை. காத்தண்ணன் திரும்பினார்.

"என் தலையணையா? நான் எதுல படுக்கறது?"

"அது எனக்குத் தெரியாது." டீச்சரின் குரல் உடைந்தது. "முப்பது வருஷமா உங்க பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கேன். அந்த ஊர்ல எனக்குத் தூக்கம் வர வேண்டாமா? ஆள்தான் வரமாட்டேங்கறீங்க. அதையாவது எடுத்துட்டுப் போறேன். அது கேட்டா வரும். பார்க்கலாம்னு சொல்லாது."

முணுமுணுத்த பாட்டு, பட்டியல், டிக் எல்லாம் ஒரு நொடியில் அவருக்கு வேறு மாதிரி தெரிந்தன. சுலபமாகப் போகிறவள் எதற்கு நசுங்கிப்போன தலையணையைத் திருடிக்கொண்டு போகிறாள்? எத்தனை பேர் வண்டிக்குள் இருப்பதை எட்டி எட்டிப் பார்த்தேன், வீட்டில் இருந்ததைப் பார்க்கவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். கம்பி ஒரு சாண் நகர்ந்தது. ரப்பர் நுனி குமிழைப் பிடித்து மேலே தூக்கியது.

டக்.

கதவு திறந்துகொண்டது. அதே நேரத்தில் பனிக்குள்ளிருந்து அக்கரை வந்து படகில் முட்டியது. படகின் சாய்பலகை சங்கிலிச் சத்தத்தோடு கரையில் இறங்கியது. பின்னால் லாரி ஹாரனை அமுக்கியது, அதைக் கேட்டு மற்ற வண்டிகளும் அமுக்கின.

ஸ்டியரிங் பக்கத்துக் கதவின் குமிழை உள்ளிருந்துதான் தூக்க வேண்டும். வெளியே நின்றபடி கை எட்டவில்லை. காத்தண்ணன் முதன்முறையாகத் தன் சட்டத்தை மீறி, ஒரு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். எக்கி அந்தப் பக்கக் குமிழைத் தூக்கினார். டீச்சர் தடுப்புக் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி நுழைந்து உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார்.

"கதவைச் சாத்துங்க. லாரி மேல ஏறிடும் போலிருக்கு. கரைக்கு மேல போய் இறக்கிவிடறேன்."

அவர் சாத்தினார். படகுக்காரர் கை சாத்தியதால் கதவு அறைந்துதான் சாத்திக்கொண்டது. தவளை உறுமிக்கொண்டு சாய்தளத்தில் ஏறியது. டிக்கெட்டம்மா பின்னாலேயே ஓடிவந்து, "அண்ணே, உங்க பெட்டி!" என்று கத்தினாள். மேலேயிருந்து ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் ஆறு முழுக்கக் கேட்டது: "பெட்டி இங்கயே இருக்கட்டும்! யோவ் காத்து, லீவுல எழுதிக்கட்டுமா?" இதோ இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லக் காத்தண்ணன் திரும்பினார். கண்ணாடி ஏற்றியிருந்தது. படகு அதற்குள் பனியில் பாதி மறைந்துவிட்டது.

மேலே டீக்கடை முன்னால் டீச்சர் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலை ஈரமாக, ஆள் இல்லாமல், எங்கேயும் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தது.

"இறங்குங்க," என்றார். "டீக்கடை வந்துடுச்சு."

காத்தண்ணன் கதவைப் பார்த்தார். குமிழ் கீழே இறங்கியிருந்தது.

"பூட்டிக்கிச்சு," என்றார்.

"தெரியுது. தூக்குங்க."

உள்ளே இருக்கிறவருக்கு அந்தக் கதவைத் திறக்க ஆப்பு வேண்டாம், பை வேண்டாம், கம்பி வேண்டாம். மூன்று பொருளும் சொல்ல வேண்டாம். இரண்டு விரலால் குமிழைப் பிடித்து மேலே தூக்கினால் போதும், சின்னக் குழந்தைகூடத் தூக்கிவிடும். டீக்கடைக்காரர் இவரைப் பார்த்துவிட்டு வழக்கம்போல ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். காத்தண்ணன் குமிழின் மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பயம் அப்படியேதான் இருந்தது.

"நாலு மணிக்குள்ள போகணும்ல?" என்றார். "வண்டியை எடு."

டீச்சர் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.